முறை

இரவு பதினொன்று நாற்பதுக்கு
பதினேழாம் நம்பர் மதகைப் பற்றி
நான் எழுதியது நாலே வரி.
கலியமூர்த்தி எழுதியது ஒன்பது.
பாமணியாற்றுப் பாசனக் குழுவில்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
பாதிப் பேர் திருப்பூரில், சிலர் மஸ்கட்டில்.
அவர்கள்தான் முதலில் விழித்துக்கொண்டார்கள்.

ஐந்து நாள் மேல்மடைக்கு, ஐந்து நாள் எங்களுக்கு
என்பது முறை.
எங்கள் முறையில் நாலாம் நாள் ராத்திரி
பலகையை இறக்கிய கை யாருடையது
என்றுதான் கேட்டேன்.
கையை யாரோ கட்சிச் சின்னமாக வாசித்தார்.
அதற்கப்புறம் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
போன ஐப்பசியில் நான் போட்ட ஒரு வரியைப்
படம்பிடித்துப் பத்திரமாக வைத்திருந்தவர்
கொண்டுவந்து நடுவில் நட்டார்.
மஸ்கட் கைதட்டியது.
‘சில பேர்’ என்று எழுதினார் கலியமூர்த்தி.
அந்தச் சில பேர் நான் ஒருத்திதான்
என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் எனக்குச் சித்தப்பா முறை.
குழுவில் அந்த முறையெல்லாம் இல்லை.
அங்கே அவர் ஒரு நம்பர்,
முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு டிராக்டர்.
எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.
அடித்தார், அழித்தார்.
வந்த ஒன்பது வரியை விட
அழித்ததில் என்ன இருந்திருக்கும் என்பதே
விடியும்வரை என்னைப் புரட்டியது.

காலை ஆறரைக்கு மதகடியில்
முழங்கால் தண்ணீரில் நின்று
ஆகாயத்தாமரையை வாரி வாரி
மேட்டில் எறிந்துகொண்டிருந்தார்.
வந்த வேகத்தில் பாதி
டிவிஎஸ்ஸுக்கு ஸ்டாண்ட் போடுவதிலேயே தீர்ந்துவிட்டது.
மீதியோடு இறங்கினேன்.
‘காலைப் பாத்து வை, பாட்டில் சில்லு கெடக்கு.’
ஒன்பது வரிக்குப் பின் அவருடைய பத்தாவது வரி அது.
முறைத்தேன்.
முறைத்துக்கொண்டே பார்த்துத்தான் வைத்தேன்.

‘பலகைய எறக்குனது யாரு?’
‘நான்தான்.’
ஒன்பது வரியில் இல்லாத ஒரு சொல்.
‘நாத்து கருகுது, தையல்நாயகி.
நாலாம் நாள்னு தெரிஞ்சேதான் எறக்குனேன்.’
‘தப்பு.’
‘தப்புதான். இன்னிக்கும் எறக்குவேன்.’
‘நான் தூக்குவேன்.’
‘தூக்கு.’
பிறகு இருவரும் பேசவில்லை.
அவர் மூக்கு நுனியில் வியர்வை திரண்டு
விழுமா விழாதா என்று நின்றது.
ராத்திரியும் பேசாமல்தான் இருந்தார்,
ஆனால் அப்போது எனக்குத் தெரிந்தது
இரண்டு நீலக் கோடு மட்டும்.

நேரில் என்றால் எல்லாம் சரியாகிவிடும்
என்று சொல்ல வரவில்லை.
என் அக்கா வீட்டுக்காரரும் அவர் பங்காளியும்
முகத்துக்கு முகம் பார்த்துத்தான்
வரப்பில் மண்வெட்டியை ஓங்கினார்கள்.
பதினோரு வருஷமாய் மன்னார்குடி கோர்ட்டில்
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
இன்னொன்றும் உண்டு.
ஊர்க்கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால்
‘உக்காரும்மா’ என்று ஒரு குரல் வரும்,
சில நாள் அது இந்தச் சித்தப்பாவின் குரல்.
குழுவில் என் நாலு வரியை
யாராலும் பாதியில் உட்காரவைக்க முடியவில்லை.
ஏசட்டும். முழுசாக வாசித்துவிட்டுத்தானே ஏசினார்கள்.

இதையும் சொன்னேன், தண்ணீரில் நின்றபடி.
கேட்காத மாதிரி
ஒரு தாமரைக் கொத்தை இழுத்தார். வரவில்லை.
நான் வேர்ப்பக்கம் பிடித்தேன்.

பலகையைப் பாதி தூக்கினோம்.
பாதி அவருக்கும் போதாது, எனக்கும் போதாது.
நாளைக்கு மறுபடி சண்டை இருக்கிறது.

மேட்டில் கிடந்த அவர் சட்டைப்பையில்
போன் துள்ளியது, நின்றது, துள்ளியது.
நூற்று நாற்பது செய்தி.
என்னாச்சு, என்னாச்சு என்கிறது மஸ்கட்.
எடுத்தார்.
ஈர விரலுக்குத் திரை நகரவில்லை.
வேட்டியில் துடைத்தார், வேட்டியும் ஈரம்.
‘நீ எழுது’ என்று நீட்டினார்.
என் கையெல்லாம் சேறு.